தறிக்குழியும் தெரு ஆட்டமும்

சேத்துப்பட்டில் நான் போன நெசவாளர் தெருவில், விடியற்காலையில் பாவு நீட்டும் இடத்திலேயே இரவில் ஷட்டில் வலை கட்டுகிறார்கள். இரண்டுக்கும் காற்று ஆகாது. கஞ்சி காய்வதற்குள் காற்று வீசினால் பட்டிழைகள் ஒட்டிச் சிக்குப்படும். காக் இன்னும் மோசம்: 16 இறகும் தக்கையும் சேர்ந்தே 5 கிராம் சொச்சம்தான். பையன்கள் நைலான் காக்கை வைத்துக்கொண்டு வேப்பங்கிளை அசையாத நேரத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

இந்தத் தொல்லை ஆட்டத்தின் கூடவே பிறந்தது. பூனாவில் ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகள், காற்றும் ஈரமுமான நாட்களில் இறகை விட்டுக் கம்பளிப் பந்தை எடுத்துக்கொண்டார்கள். தஞ்சாவூரில் 1850களிலேயே கம்பளிப் பந்தாட்டம் இருந்தது. பிற்பாடு இறகுப்பந்து கூரைக்கடியில் ஒதுங்கிவிட்டது. கம்பளிப் பந்து வெட்டவெளியிலேயே நின்று, பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் பூப்பந்தாகி, நம் பள்ளி மைதானங்களைப் பிடித்தது. இந்தத் தெருவுக்கும் பூப்பந்துதான் பொருத்தம் என்பது என் கட்சி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பி.வி. சிந்து ஆடுவது ஷட்டில்தானே! 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன் வெள்ளி வாங்கியதும் ஷட்டிலில்தான். அவர் காஞ்சிபுரத்துக்காரர் என்பதால், பட்டு ஊர்ப் பொண்ணு என்று இங்கே உரிமை கொண்டாடுகிறார்கள்.

பையன்களின் பேட்டுகளுக்குக் கட்டிங், அதாவது நரம்பு, போடுபவர் தெருக்கோடி வீட்டில் பட்டுச்சேலை நெய்கிறார். ஆறடி உயரக்காரர்; பகலெல்லாம் தறிக்குழிக்குள் காலை விட்டு, மிதிப்பலகையை மாற்றி மாற்றி மிதித்தபடி இருக்கிறார். பொழுது சாய்ந்ததும் அறுந்த பேட்டுகள் வந்து சேரும். எந்திரம் கிடையாது. ஒரு குத்தூசி, ஒரு குறடு, இழுப்பதற்கு ஒரு கட்டை, அவ்வளவுதான்.

ஒரு பேட்டுக்குப் பத்து மீட்டர் கட் போகிறது. முதலில் நெடுக்கு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும். பிறகு குறுக்கு, ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. ஒவ்வொரு இழையையும் கட்டையில் சுற்றி இழுத்து, துளையில் ஊசியைச் செருகி நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறார். அவ்வப்போது விரலால் சுண்டி, காதுகொடுத்துக் கேட்கிறார்.

“பாவுல எல்லா இழையும் ஒரே விறைப்பா இருக்கணும் சார். இதுல குறுக்கை ஒரு பிடி கூட இழுக்கணும். இல்லன்னா வளையம் கோணிக்கும்.”

பையன்கள் எல்லோரும் டைட்டாகவே கேட்கிறார்களாம். அவர் மசிவதில்லை. விறைப்பு ஏற ஏறக் காக்கைச் சொன்ன இடத்தில் போடலாம். ஆனால் பேட்டின் நட்டநடுவில் பட்டாக வேண்டும், மணிக்கட்டிலும் பலம் வேண்டும். தளர்ந்த கட் தானாகவே உந்திவிடும். புதிதாக ஆடுகிறவனுக்கு அதுதான் நல்லது. “சத்தம் வரணும்னு கேக்கறான் சார். கை வரட்டும் முதல்ல.”

ஒன்பது மணிக்கு அவரும் இறங்கினார். இரட்டையர் ஆட்டத்துக்கு 6.10 மீட்டர் அகலம் வேண்டும், தெருவில் இடமில்லை. ஒற்றையருக்கு 5.18 மீட்டர் போதும் என்றாலும் ஒரு பக்கக் கோடு திண்ணையை உரசுகிறது. முதல் சில புள்ளிகளுக்கு முழங்கால் மடங்கவே இல்லை. போகப்போகத்தான் ஆள் தெரிந்தார்: பின்கோடு வரை தூக்கி அடித்து எதிராளியைத் தள்ளுவார், அடுத்ததை வலையோரம் மெல்ல இறக்குவார், அடித்த கையோடு நடுவுக்கு வந்து நிற்பார். ஸ்மாஷ் அபூர்வம். கை வேகத்தைவிடக் கால் திரும்பி வருவதில்தான் ஆட்டம் இருக்கிறது என்று பையன்களுக்கு இன்னும் புரியவில்லை.

சர்வீஸில்தான் தகராறு. 2006இலிருந்து யார் சர்வ் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி உண்டு, 21 எடுத்தால் ஒரு கேம். இதில் சண்டையில்லை. ஆனால் 2018இல் வந்த விதிப்படி, அடிக்கும்போது காக் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். பையன்கள் கம்பத்தில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறார்கள். அன்று அதிகம் ஃபால்ட் வாங்கியவர் கட்டிங்காரர்தான். இடுப்புக்குக் கீழே அடித்தால் போதும் என்ற பழைய விதியில் பழகிய கை. அவர் உயரத்துக்கு இடுப்பே அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது.