விளையாட்டுப் பயிற்சியும் மகப்பேறும்

தேகப் பயிற்சி ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒருங்கே நலந் தரும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயினும், போட்டிக்கெனக் கடுமையாகப் பயிலும் பெண்ணைக் காணுந்தோறும், "இவளுக்குப் பின்னாளில் பிரசவம் எங்ஙனம் அமையுமோ?" என்னும் ஐயம் பலர்க்கு எழுகின்றது. என் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு ஓட்டப் பயிற்சியைக் கைவிட எண்ணினாள். "வயிறு இறுகிப்போம், பேறு காலத்தில் வினையாய் முடியும்" என்று அவள் பாட்டியார் அஞ்சியதே காரணம். அவ்வச்சத்தில் உண்மை எத்துணை என்று ஆராயப் புகுந்தேன்.

இவ்வச்சம் நம் நாட்டிற்கே உரியதன்று. 1873ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் எட்வர்டு கிளார்க் என்பார், பெண்கள் ஆடவரைப் போல் இடைவிடாது கல்வி பயின்றால் அவர்தம் தாய்மைக்குரிய உறுப்புகள் நலிவுறும் என்று நூலே எழுதினார். கல்லூரி மகளிர்க்கு இன்று அது நகைப்பையே விளைக்கும். கல்வியைப் பற்றி அன்று கூறியதைப் பின்னர் ஓட்டத்தைப் பற்றியுங் கூறினர். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய மகளிர் களைத்ததைப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின; அதன்பின் 1960 வரை அப்போட்டி மகளிர்க்கு நடைபெறவில்லை. மகளிர் மாரத்தான் ஒலிம்பிக்கில் இடம் பெற்றதோ 1984இல்தான்.

இனி, உடலின் இயல்பை நோக்குவோம். கருப்பை நம் விருப்பிற்கு உட்படாது தானே இயங்கும் தசை. கால்தசை வலுப்பெறுவதால் அஃது இறுகுவதில்லை. குழந்தையை வெளிக்கொணரத் தாய் முக்கும்பொழுது வயிற்றுத் தசையும் மூச்சின் வலிமையும் துணை செய்கின்றன. 1962இல் வெளிவந்த ஹங்கேரி நாட்டு ஆய்வொன்று, விளையாட்டு மகளிர்க்கு அறுவைப் பிரசவம் ஏனையோரினும் குறைவாகவே இருந்ததாகக் காட்டிற்று. பயிற்சியால் பிரசவ வேதனை நீளும் என்பதைப் பிற்கால ஆய்வுகளும் நிலைநாட்டவில்லை. பிள்ளை பெற்றோர் களத்திற்கு மீளார் என்பதும் பொருந்தாது. இரு மக்களின் தாயாகிய ஹாலந்து நாட்டு ஃபானி பிளாங்கர்ஸ் கோயன், 1948இல் லண்டனில் தம் 30ஆம் வயதில் 4 தங்கப் பதக்கங்கள் வென்றார். மணிப்பூரின் மேரி கோம் 2007இல் இரட்டைக் குழந்தைகளை ஈன்று, மறு ஆண்டே உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தை மீண்டும் கைக்கொண்டார்.

இவற்றை அப்பாட்டியாரிடம் எடுத்துரைத்தேன். அவர் சிறிது நேரம் வாளா இருந்து, "நிறைமாதத்திலும் நான் நாற்று நட்டவள்தான், அம்மா. வேலை என்னை வருத்தவில்லை; வேலைக்கேற்ற சோறு இல்லாமையே வருத்திற்று" என்றார்.

அவர் சொல்லில் மருத்துவர் கூறும் உண்மை அடங்கியுள்ளது. மிகுதியாக ஓடி, குறைவாக உண்ணும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோதலும் எலும்பு நலிதலும் உண்டாகின்றன, கருத்தரித்தலும் தடைப்படலாம். 2014இல் ஒலிம்பிக் கழகத்து அறிஞர் குழுவும் இதனை எச்சரித்தது. மாதவிடாய் நிற்றல் பயிற்சியின் சிறப்பன்று. உணவுக் குறையின் அறிகுறி. தக்க உணவும் ஓய்வும் பெறின் பெரும்பாலும் அது சீர்ப்படும். மேலும், உடல்வலிமை எல்லாத் துன்பத்தினின்றும் காக்கும் என்று எண்ணுதலும் பிழையே. புகழ்பெற்ற ஓட்ட வீராங்கனை அலிசன் பெலிக்ஸ், 2018இல் இரத்த அழுத்த நோயால் 32ஆம் வாரத்திலேயே அறுவை மூலம் மகவை ஈன்றார். வீராங்கனைக்கும் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

ஆதலின், பெற்றோரே, "மகள் ஓடலாமா?" என்று வினவுதலினும், "வயிறார உண்கின்றாளா? போதிய அளவு உறங்குகின்றாளா? மாதவிடாய் முறையாக நிகழ்கின்றதா?" என்று வினவுதலே அறிவுடைமை. சகோதரிகளே, இவ்வினாக்களுக்கு விடையிறுக்க நாணற்க. இறைவன் அளித்த உடலைப் பயன்படுத்துதலும் பேணுதலும் ஒரே கடமையின் இரு பகுதிகளாம்.