விலையும் ஆராய்ச்சியில் சேர்த்தி

டெல்லிக்கு எம்.எஸ்ஸி. படிக்க வரும் நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "வேதியியல் படிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். இங்கே வந்தால் கணக்கியல், சந்தை, காப்புரிமை என்று ஒரு பேப்பரை எடுக்கச் சொல்கிறார்கள். எம்.பி.ஏ. படிக்கிறவர்கள் பார்க்க வேண்டிய வேலை அல்லவா அது?"

அந்த பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். கடனுக்குப் படித்துத் தேறினால் போதாது, உங்கள் சொந்தப் பாடம் என்று நினைத்துப் படியுங்கள் என்றும் சொல்கிறேன். அரசு ஆய்வுக்கூடங்களில் பிறக்கும் தொழில்நுட்பங்களைக் கம்பெனிகளுக்குக் கைமாற்றிக் கொடுப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. நல்ல விஞ்ஞானம் கோப்புக்குள் கிடந்து மட்கிப்போவதையும் கண்டேன், சாதாரண ஜனங்களின் கைக்குப் போய்ச் சேர்ந்ததையும் கண்டேன். இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் விஞ்ஞானத்தில் இல்லை. இதை யார் தயாரிப்பார்கள், என்ன செலவாகும், யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற கேள்விகளை யாராவது உரிய நேரத்தில் கேட்டார்களா என்பதில்தான் இருந்தது.

டெல்லியிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1980-களின் நடுவில், எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் எம்.கே. பான் குழுவினர் பச்சிளம் குழந்தைகளிடம் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். சில குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது, ஆனால் வயிற்றுப்போக்கு வரவில்லை. பின்னாளிலும் அந்தக் குழந்தைகளைக் கடுமையான ரோட்டா வைரஸ் நோய் அண்டவில்லை. அவர்களிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ் வகைக்கு 116இ என்று பெயர். அது தடுப்பூசிக்கு வித்தாகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் ரோட்டாவேக் என்ற பெயரில் அந்தச் சொட்டு மருந்து வெளிவந்தது 2015 மார்ச்சில். கிட்டத்தட்ட 30 வருடங்கள்.

அத்தனை வருடங்களும் சோதனைக்குழாயோடு மட்டும் போகவில்லை. தயாரிக்க ஒரு கம்பெனி வேண்டியிருந்தது. திருத்தணிப் பக்கத்தில் பிறந்த கிருஷ்ணா எல்லா, ஹைதராபாத்தில் 1996-ல் தொடங்கிய பாரத் பயோடெக் அந்தப் பொறுப்பை ஏற்றது. பணத்துக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் கேட்ஸ் அறக்கட்டளையும் வந்தன. டெல்லி, புனே, வேலூர் என்று மூன்று ஊர்களில் 6,799 குழந்தைகளை வைத்துப் பெரும் பரிசோதனை நடந்தது. வேலூரில் அதை நடத்தியது நம் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி. முதல் வயதில் வரும் கடுமையான ரோட்டா வைரஸ் நோயை இந்த மருந்து 56 சதவீதம் குறைத்தது என்று 2013-ல் முடிவு வந்தது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு தேதி. அரசுக்கு ஒரு டோஸ் ஒரு டாலர் என்று கம்பெனி சொன்னது 2011-ல். மருந்து பலிக்குமா என்பதே முடிவாகாத நேரம் அது. விலை முதலில் வந்தது. எவ்வளவு பெரிய அளவில் தயாரிக்க வேண்டும், எந்தச் செலவைத் தாங்கலாம், எதைத் தாங்க முடியாது என்பதெல்லாம் அந்த விலைக்குள் அடங்க வேண்டியிருந்தது. அந்த விலையில் கிடைத்ததால்தான் 2016-ல் நான்கு மாநிலங்களில் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்து, பிறகு தமிழ்நாடு உட்பட மற்ற மாநிலங்களுக்கும் போக முடிந்தது. டாக்டர் பான் குழந்தை மருத்துவர். அவரே பின்னாளில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலாளராகி, ஆய்வுக்கூடத்தையும் தொழிலையும் இணைப்பதற்காக பைராக் என்ற அரசு நிறுவனம் உருவாக வழி செய்தார். தன் கண்டுபிடிப்புக்கு நேர்ந்த நீண்ட தாமதம் அடுத்த தலைமுறைக்கு நேரக் கூடாது என்று அவர் கருதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் வயதுப் பிள்ளைகள் செய்த காரியம் ஒன்றும் இருக்கிறது. 2020 தொடக்கத்தில், ஐ.ஐ.டி. டெல்லியின் குசுமா உயிரியல் பள்ளியில் பேராசிரியர் விவேகானந்தன் பெருமாள் குழுவினர் கொரோனா பரிசோதனைக் கிட் ஒன்றை உருவாக்கினார்கள். குழுவில் பலர் ஆராய்ச்சி மாணவர்கள். வழக்கமான ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனைக்கு ஒளிரும் தன்மையுள்ள புரோப் என்ற பொருள் தேவை. செலவை ஏற்றுவதே அதுதான். இவர்கள் வைரஸின் மரபணு வரிசையை மற்ற கொரோனா வைரஸ்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, இந்த வைரஸில் மட்டும் இருக்கும் துண்டுகளைத் தேடிப் பிடித்தார்கள். அந்தத் துண்டுகளைக் குறிவைத்ததால் புரோப் இல்லாமலே சோதனை சாத்தியமானது. ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஒப்புதல் கிடைத்தது.

அதற்கு அடுத்த படியைக் கவனியுங்கள். ஒரே கம்பெனிக்கு ஏகபோக உரிமையாகத் தராமல் பல கம்பெனிகள் தயாரிக்கும்படி உரிமம் கொடுத்தார்கள். கிட்டின் விலை 500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். ஜூலையில் கொரோஷ்யூர் என்ற பெயரில் வந்தபோது அடிப்படை விலை 399 ரூபாய். புரோபைத் தவிர்த்தது விஞ்ஞானம். உரிமத்தில் அந்த இரண்டு நிபந்தனைகளையும் எழுதியது மேலாண்மை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த விலை வந்திருக்காது.

நீங்கள் படிக்கப்போகும் அந்த பேப்பருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதலில் செலவுக் கணக்கு. ஒரு பரிசோதனைக் கிட் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, சம்பளம், கருவிகள் எல்லாமாகச் சேர்ந்து வருடத்துக்கு 20 லட்சம் நிலையான செலவு. ஒரு கிட்டுக்கு மூலப்பொருள் 120 ரூபாய், விற்பனை விலை 200 ரூபாய். ஒன்றுக்கு 80 ரூபாய் நிற்கும். போட்ட முதல் திரும்ப 25,000 கிட் விற்றாக வேண்டும். இப்போது நூற்றுக்குப் பத்து கிட் தரச் சோதனையில் தோற்றுப்போகிறது என்றால்? நூறு கிட்டுக்கு 12,000 ரூபாய் செலவு, தேறியது தொண்ணூறு, வரவு 18,000. கையில் நிற்பது 6,000. அதே 20 லட்சத்தை மீட்க இனி 30,000 கிட் விற்க வேண்டும். அந்தப் பத்து சதவீதத்தைக் குறைக்க எம்.பி.ஏ. படித்தவரால் முடியாது, ஏன் தோற்கிறது என்று கண்டுபிடிக்க உங்கள் வேதியியல்தான் வேண்டும். ஆனால் அதைக் குறைப்பதுதான் தலையாய வேலை என்று உங்களுக்குக் காட்டிக் கொடுப்பது இந்தக் கணக்கு.

எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். எம்.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருடம். தாவரத்திலிருந்து இயற்கைச் சாயம் பிரிக்கும் முறை ஒன்றுக்கு வாங்குபவர் வந்திருந்தார். சாயத்தின் நிறம், துணியில் நிற்கும் தன்மை பற்றி விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு கிலோ சாயத்துக்கு எத்தனை லிட்டர் எத்தனால் போகும்? அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?" என்றார். அறையில் பதில் இல்லை. அந்தப் பெண் தன் ஆய்வுக் குறிப்பேட்டைப் புரட்டி, ஒவ்வொரு தடவையும் மீண்டு வந்த எத்தனாலின் அளவை வாசித்தாள். யாரும் கேட்காமலே அவள் அதைக் குறித்து வைத்திருந்தாள். கேட்டதற்கு, "காஸ்டிங் பேப்பரில் படித்தேன் சார், கரைப்பான்தான் பெரிய செலவு என்று தோன்றியது" என்றாள். பேச்சுவார்த்தை அங்கேதான் சூடு பிடித்தது. அவள் இன்றும் வேதியியல்காரிதான், வியாபாரத்துக்குப் போகவில்லை.

அடுத்தது காப்புரிமை. கருத்தரங்கில் போஸ்டர் வைப்பது, கட்டுரை வெளியிடுவது, ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றுவது எல்லாம் உங்களுக்குப் பெருமை. ஆனால் ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்துவிட்ட ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது. சில குறிப்பிட்ட சூழல்களில் மட்டுமே சட்டம் சலுகை தருகிறது. அதே விதி நம்மைக் காப்பாற்றியதும் உண்டு. புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இது எங்கள் நாட்டில் காலங்காலமாகத் தெரிந்த சங்கதி என்று பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி, டெல்லியில் தலைமையகம் கொண்ட சி.எஸ்.ஐ.ஆர். என்ற அரசு ஆராய்ச்சி அமைப்பு வாதாடியது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. ஆகவே வெளியிடும் முன் பதிவு செய்யுங்கள். தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகையும் இருக்கிறது. காப்புரிமை அலுவலகம் நீங்கள் படிக்கும் டெல்லியிலேயே, துவாரகாவில் இருக்கிறது.

மூன்றாவது, சந்தை. இந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். பயன்படுத்தப் போகிறவரிடம் நேரில் போய்ப் பேசுவது என்பதுதான் இதற்கு அர்த்தம். ரோட்டாவேக் முதலில் மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்தாக இருந்தது. கிராமத்து சுகாதார நிலையத்தில் அந்தக் குளிரை யார் காப்பாற்றுவது என்ற கேள்வியை, அங்கே வேலை பார்க்கும் செவிலியரைவிட நன்றாக யார் கேட்க முடியும்? பிற்பாடு சாதாரண மருந்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக்கூடிய வடிவம் வந்தது. ஆய்வகத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இப்படிப்பட்ட கேள்வி தானாகப் பிறக்காது. ஆளைப் பார்த்துப் பேசினால்தான் பிறக்கும்.

காசைப் பற்றிப் பேசினால் விஞ்ஞானத்தின் மதிப்பு கெட்டுவிடும் என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் என்ற ரசாயனப் பேராசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் லாகூரில் இருந்தபோது, எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனிக்கு ஒரு பெரிய தலைவலி. தோண்டும்போது ஊற்றும் சேறு உப்புநீர் பட்டதும் இறுகிப் போனது. பட்நாகர் பிசின் கலந்து அதைத் தீர்த்து வைத்தார். கம்பெனி ஆராய்ச்சிக்காக ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. அதைத் தன் பெயரில் வாங்காமல் பல்கலைக்கழகத்துக்கே போகச் செய்தார். அவர்தான் 1942-ல் பிறந்த சி.எஸ்.ஐ.ஆரைக் கட்டி எழுப்பியவர். ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்புகளைத் தொழிலுக்குக் கொண்டுபோகவென்றே தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் டெல்லியில் 1953-ல் தொடங்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். கணக்குத் தெரிந்திருப்பதற்கும் பேராசைக்கும் சம்பந்தமில்லை. கணக்குத் தெரியாதவன் கண்டுபிடித்த நல்ல மருந்து ஏழைக்குக் கடைசியில்தான் போய்ச் சேரும், சில சமயம் போய்ச் சேரவே சேராது. என்னைப் பொறுத்தவரை அதுதான் விஞ்ஞானத்துக்கு மதிப்புக் குறைவு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரண்டு வருட எம்.எஸ்ஸி.யில் மேலாண்மை ஒன்றிரண்டு பேப்பருக்கு மேல் வேண்டாம். உங்கள் பாடத்தில் ஆழம் இல்லாமல் வியாபாரப் பேச்சு மட்டும் கற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். கம்பெனிக்காரர் இரண்டாவது கேள்வி கேட்கும்போதே அவர்கள் திணறிப்போவார்கள். அமெரிக்காவில் 1997-லிருந்து தொழில்சார் அறிவியல் முதுகலை என்ற படிப்பு ஸ்லோன் அறக்கட்டளையின் உதவியோடு வளர்ந்தது. அதிலும் பெரும்பகுதி அறிவியல்தான், மேலாண்மையும் கம்பெனிப் பயிற்சியும் அதோடு சேர்ந்து வருபவை. எம்.பி.ஏ. வேண்டுமென்றால் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போங்கள்.

டெல்லியில் இதற்கு வசதி குறைவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை 1954-லிருந்து நடக்கிறது, வடக்கு வளாகத்தில் உங்கள் அறிவியல் கட்டிடங்களிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஜே.என்.யு.விலும் ஐ.ஐ.டி.யிலும் மேலாண்மைப் பள்ளிகள் உண்டு. ஐ.ஐ.டி.யில் 1992-லிருந்து ஃபிட் என்ற தொழில்நுட்பக் கைமாற்று அமைப்பும் இருக்கிறது. உங்கள் துறையில் விருப்பப் பாடமாகக் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களில் இலவசமாகப் படிக்கலாம். தேர்வெழுதிப் பெறும் மதிப்பெண்ணை உங்கள் பட்டத்தோடு சேர்க்க முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். யு.ஜி.சி. அதற்கு வழி வைத்திருக்கிறது.

தேர்வுக்காக மனப்பாடம் செய்தால் இந்தப் பாடம் ஒட்டாது, உங்கள் சொந்த ஆய்வின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பருவத்தின் புராஜெக்ட்டை முடிக்கும்போது கடைசியில் ஒரே ஒரு பக்கம் கூடுதலாக எழுதுங்கள். இது யாருக்குப் பயன்படும், அவர்களில் எத்தனை பேரிடம் நேரில் பேசினீர்கள், ஒன்று செய்ய என்ன செலவு, எந்தச் செலவு பெரியது, யார் தயாரிக்க முடியும், வெளியிடும் முன் எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். வழிகாட்டி அதற்கு மதிப்பெண் போடாமல் போகலாம், பரவாயில்லை. பதில் தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். எந்தெந்த இடம் காலியாக இருக்கிறதோ, அதைத்தான் அடுத்த பருவத்தில் படிக்க வேண்டும்.