நம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பூட்டிய கேட்டின் படத்தைப் போட்டாலும் போட்டார், எனக்குப் போன் ஓயவில்லை. "டீச்சர், நம்ம ஸ்கூலை மூடிட்டாங்களாமே, உண்மையா?" உண்மைதான். ஆனால் காகிதத்தில் 'மூடல்' என்று இருக்காது, 'இணைப்பு' என்றுதான் இருக்கும். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள நடுநிலைப் பள்ளியோடு நம் தொடக்கப் பள்ளியை இணைத்திருக்கிறார்கள். கடைசியாக இருந்த பிள்ளைகள் 17 பேர். ஆசிரியர்கள் இரண்டு பேர்.

நான் 1989-இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்றாம் வகுப்பில் மட்டும் இரண்டு பிரிவு, பிரிவுக்கு அறுபதுக்கு மேல் பிள்ளைகள். இடம் போதாமல் மூன்றாம் வகுப்பு வேப்பமரத்தடியில் நடக்கும். மழை வந்தால் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் சத்துணவுக் கூடத்துக்கு ஓடுவோம். இதைப் படிக்கிற பாதிப் பேர் அப்படி ஓடியவர்கள்தான்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்கிறவர்கள் எல்லாருமே பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள். "இங்கிலீஷ் மோகம்" என்று நான் சொல்லிவிட்டால் உங்களுக்குத் திருப்தி. அது பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன்.

முதலில், பிள்ளைகளே குறைந்துபோனார்கள். ஒரே வீட்டிலிருந்து அக்கா, அண்ணன், தம்பி, தங்கை என்று நான்கு பேர் நம்மிடம் படித்த காலம் உண்டு. அந்த நான்கு பேருக்கும் இன்று ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். இதில் யாரையும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'சிறு குடும்பம் சீரான வாழ்வு' என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்!

அடுத்தது, இருந்த பிள்ளைகளும் நகரத்தின் நடுவில் இல்லை. பள்ளிக்குப் பின்தெருவில் வரிசையாக இருந்த ஒண்டுக்குடித்தன வீடுகளில் பாதிக்கு மேல் இப்போது குடோன். அட்டைப் பெட்டிகள்தான் குடியிருக்கின்றன. பெரிய அடி கூவம் கரையிலிருந்து வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றினார்கள். சுமார் 25 கிலோமீட்டர். அங்கே சுவரும் கூரையும் உறுதியானவை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு நடுவில் ஒரு காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால், நான்காம் வகுப்பில் ஒன்பது பெயருக்கு எதிரே வரிசையாக 'ஆ'ப்சென்ட். ஒரு அப்பா மட்டும் விடவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளையும் விடியற்காலை பஸ்ஸில் ஏற்றி, தினமும் நம் பள்ளிக்கே கூட்டி வந்தார். முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை. பெரியவள் என் மேசை மேல் தலை வைத்துத் தூங்குவாள். நான் எழுப்ப மாட்டேன். தேர்வு முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள்.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருகிறேன். மே மாத வெயிலில் துண்டறிக்கையோடு வீடு வீடாகப் போவோம். புத்தகம், நோட்டு, சீருடை, செருப்பு, பை, பஸ் பாஸ், மதியம் முட்டையோடு சாப்பாடு என்று ஒப்பிப்போம். அம்மாமார்கள் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, "எங்க வீட்டுல அவரு கான்வென்ட்லதான் போடணும்னு நிக்கிறாரு டீச்சர்" என்பார்கள். எங்களிடமும் ஆங்கில வழிப் பிரிவு வந்தது. அறை அதேதான், டீச்சரும் அதே டீச்சர்தான். இந்தப் பக்கம் தமிழ்வழி, அந்தப் பக்கம் ஆங்கிலவழி. ஆனால் எனக்குத் தெரிந்து, மொழியைவிடப் பெரிய காரணம் வயது. தனியார் பள்ளி மூன்று வயதில் எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்கிறது. நாங்கள் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். வேலைக்குப் போகும் அம்மா நடுவில் இரண்டு வருஷம் பிள்ளையை என்ன செய்வாள்? நாங்கள் கதவைத் தட்டும்போது அந்தப் பிள்ளைக்கு அங்கே சிநேகிதர்கள், வேன், டையோடு எடுத்த குரூப் போட்டோ எல்லாம் வந்திருக்கும். மாநகராட்சிப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு வந்தது. ஆனால் அதற்குள் தெருவில் பழக்கம் வேறாகிவிட்டது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு வேறு. ஏழைப் பிள்ளைக்குத் தனியார் பள்ளியில் கட்டணத்தை அரசே கொடுக்கிறது. அப்படிச் சேர்த்த பெற்றோரை நான் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. வாசல் திறந்திருக்கும்போது யார்தான் நுழையமாட்டார்கள்?

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு நமக்கு வந்தது, 2007-இல் தமிழ்நாடு முழுக்கப் போனது. பாய், ஏணி, அட்டை, சுவரின் அடியில் பிள்ளைகள் எழுதுகிற கரும்பலகை. அந்த பேட்ச் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். நம் தெரு அம்மாக்கள் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தரையில உக்காந்து வெளையாடுதுங்க, ஹோம்வொர்க்கும் இல்ல" என்று பிள்ளைகளை மாற்றினார்கள்.

இதெல்லாம் வெளியில் நடந்தது. உள்ளே நடந்ததுதான் உங்களில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி இருக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தைக் கணக்கிடுவார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. கூடுதலாக இருப்பவர் 'உபரி'. பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். 93 பிள்ளைகளோடு இருக்கும் பள்ளியில் நான்கு பேர் மட்டும் குறைந்தால் ஒரு டீச்சர் போய்விடுவார். ஐந்து வகுப்புக்கு மூன்று டீச்சர். "மூணாங்கிளாசுக்கு டீச்சரே இல்லையாம்" என்று பால் பூத்தில் பேச்சு வரும். அடுத்த ஜூனில் இன்னும் இருபது டி.சி. பிறகு இன்னொரு டீச்சர் போவார். ஜூலை முழுவதும் நாங்கள் பிள்ளைகளை எண்ணிய எண்ணிக்கை இருக்கிறதே, நகைக்கடைக்காரர்கூட அப்படி எண்ணியிருக்க மாட்டார்!

2021-இல் மட்டும் ஒரு திருப்பம். கொரோனாவில் வருமானம் போனவர்கள், ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் திரும்பி வந்தார்கள். டி.சி. தரவில்லை என்று அழுதார்கள். டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம். சேர்த்தோம். 2022 மே மாதம் நான் ஓய்வு பெற்றபோது வகுப்பறை ஓரளவு நிறைந்திருந்தது. பிழைப்பு சரியானதும் பலர் பழையபடி போய்விட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஒரு பழைய செய்தி. பள்ளியில் மதிய உணவு என்பது இந்த மாநகராட்சியில் பிறந்தது. 1920-இல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கினார்கள். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம். காரணம் என்ன தெரியுமா? ஏழ்மையால் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறதே என்ற கவலைதான். அன்றைக்கு எண்ணிக்கை குறைந்ததற்குச் சோறு போட்டார்கள்.

இதை என் அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் ஐ.டி. காரன். "அத்தை, பதினேழு பிள்ளைக்கு ஒரு கட்டடம், ரெண்டு சம்பளம், ஒரு சமையல் அம்மான்னா எந்த அரசாங்கம் தாங்கும்?" என்றான். நியாயமான கேள்விதான். பணத்தை விடுங்கள், எனக்கே ஒன்று தோன்றும். ஐந்து வகுப்பை ஒரே அறையில் இரண்டு டீச்சர் மேய்ப்பதைவிட, வகுப்புக்கு ஒரு டீச்சர் உள்ள பள்ளிக்குப் பிள்ளை போவது நல்லது. கபடி ஆடக்கூட ஏழு பேர் வேண்டாமா? அதனால் 'பள்ளியை மீட்போம்' என்று நீங்கள் தயாரித்த மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. வருத்தப்படாதீர்கள்.

என் கவலை அந்த மெயின் ரோடு. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இது அதற்குள்தான். தூரக் கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் சிக்னல் இல்லாத திருப்பம், பஸ், தண்ணி லாரி. 17 பேரில் 11 பேர் புதுப் பள்ளிக்குப் போகிறார்கள். மூன்று பேர் தெருமுனைத் தனியார் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் பெற்றோரோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் ஒருத்தி. மூன்றாம் வகுப்பு. அம்மா அப்பா இல்லை, ஆயா மீன் விற்கிறார்.

போய்ப் பார்த்தேன். "இன்னா டீச்சர் பண்றது? ராத்திரி மூணு மணிக்குக் காசிமேடு போனா, அப்டியே கடை போட்டுட்டு ஊட்டுக்கு வர்றப்ப மத்தியானம் ஆவுது. இது மொத ஸ்கூலுனா தானா நடந்து பூடும். அந்த ரோட்டுல யாரு கைய புடிச்சி வுடறது?" என்றார். பிள்ளை வாசல்படியில் உட்கார்ந்து போன வருஷத்துப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. காலை உணவுத் திட்டச் சாப்பாடும் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை. ஆயா வைத்துவிட்டுப் போகும் பழையதுதான்.

புதுப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். நல்ல மனிதர். போக்குவரத்துக் காவலர் கேட்டு மனு கொடுத்திருக்கிறார். அது வரும்போது வரட்டும். அதுவரை நாம் நிற்போம். காலை உணவு எட்டேகாலுக்குப் போடுகிறார்கள், அதனால் 7.45 முதல் 8.30 வரை, மாலையில் 4 மணி முதல் அரை மணி நேரம். திங்களும் செவ்வாயும் நான். அந்தப் பிள்ளையை வீட்டிலிருந்து கூட்டிவருவதும் என் பொறுப்பு. புதன்கிழமைக்கு 1998 பேட்ச் ஆட்டோக்காரத் தம்பி ஒப்புக்கொண்டான். வியாழனுக்கும் வெள்ளிக்கும் ஆள் வேண்டும். பக்கத்தில் குடியிருப்பவர்களாக இருந்தால் நல்லது. அமெரிக்காவிலிருந்து "பணம் அனுப்பட்டுமா டீச்சர்" என்று கேட்டவர்களே, இப்போதைக்கு வேண்டாம் கண்ணுகளா.

மறந்துவிட்டேன். நம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகள் எல்லாம் அந்தப் பள்ளி அலுவலகத்துக்குப் போய்விட்டன. டி.சி. நகல், பிறந்த தேதிச் சான்று தேவைப்படுகிறவர்கள் இனி அங்கேதான் கேட்க வேண்டும். சேர்ந்த வருஷமும் அப்பா பெயரும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், தேடுவதற்குச் சுலபமாக இருக்கும். வியாழன், வெள்ளிக்கு வருகிறவர்கள் இன்பாக்ஸில் வேண்டாம், இங்கேயே பெயர் போடுங்கள்.