கையில் ஏந்திய பம்பரம்



துவைக்கப் போடுமுன் பையனின் காற்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். ஆணி அடித்த பம்பரம் ஒன்றும் அழுக்கேறிய கயிறொன்றும் கையில் சிக்கியிருக்கும். "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தும் இருப்பீர்கள். அந்தப் பம்பரத்தைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேசப் போகிறேன். நாற்பதைத் தாண்டிய நான் அதைக் கையில் ஏந்தப் பழகிய கதை இது.

எங்களுடையது கடலோர மணல் ஊர். மணலில் பம்பரம் நின்று சுற்றாது; ஆணி புதைந்து சாய்ந்துவிடும். அதனால் எங்கள் பையன்கள் நிலத்தில் விடுவதை விட உள்ளங்கையில் ஏந்துவதையே பெரிய கெட்டித்தனமாக நினைப்பார்கள். பம்பரத்தை முன்னே எறிந்து, அது நிலத்தைத் தொடுமுன் கயிற்றால் சட்டென்று பின்னுக்கு இழுக்க வேண்டும். போன பம்பரம் சுற்றிக்கொண்டே திரும்பி வந்து எறிந்தவன் கையிலேயே அமரும். பார்ப்பதற்கு இலேசு. செய்து பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் பாடசாலையில் இதில் கெட்டிக்காரன் தரம் 7 இல் படிக்கும் ஒரு மாணவன். அவனுடைய உம்மா வீட்டு வேலைக்காகக் குவைத் போய் மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. மூத்தம்மாதான் வளர்க்கிறார். வகுப்பில் அவன் வாய் திறக்க மாட்டான். வாசிக்கச் சொன்னால் எழும்பி நிற்பான், நின்றபடியே இருப்பான். ஒரு நாள் மூத்தம்மா பாடசாலைக்கு வந்தார். "மௌலவி, இவனை ஒரு கடையில விடலாமெண்டு பாக்கிறன். படிப்பு ஏறுதில்ல" என்றார். 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது 2016 முதல் நம் நாட்டில் விதி என்று எடுத்துச் சொன்னேன். ஆனால் சகோதரிகளே, விதியைக் காட்டி ஒரு பிள்ளையை வாங்கில் உட்கார வைக்கலாம். பேச வைக்க முடியுமா?

மறுநாள் பாடசாலை விட்டதும் அவனைக் கூப்பிட்டேன். "எனக்கு இந்தப் பம்பரத்தைப் படிப்பித்துத் தருவாயா?" என்று கேட்டேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தான். கேலி இல்லை என்று விளங்கியதும் கயிற்றை நீட்டினான்.

அவன் படிப்பித்த முறையைக் கேளுங்கள். முதல் மூன்று நாளும் எறியவே விடவில்லை. ஆணியிலிருந்து தொடங்கி, சுற்றின் மேல் சுற்று ஏறாமல், இடைவெளியும் விழாமல், மேல் நோக்கிக் கயிற்றை இறுக்கிச் சுற்றுவது மட்டுந்தான் பாடம். பிறகு சீமெந்துத் தரையில் விடுவது. அதன்பின் ஏந்தாமல், எறிந்து இழுப்பது மட்டும். கடைசியில்தான் ஏந்துவது. ஆணியின் கூரைக் கல்லில் தேய்த்து மழுக்கியும் தந்தான், என் கையில் குத்தாமலிருக்க.

இழுக்கும் நேரந்தான் முழு வித்தையும். கயிறு முழுதாய் அவிழ்ந்த பின் இழுத்தால் பம்பரம் போனது போனதுதான். முந்தி இழுத்தால் சுழற்சி போதாமல் மரக்கட்டை போல வந்து விழும். ஆணிப் பக்கத்துக் கடைசிச் சுற்றுகள் அவிழும்போது இழுக்க வேண்டும். "பிந்திட்டீங்க சேர்." "இப்ப முந்திட்டீங்க." வகுப்பில் ஒரு சொல் பேசாத பிள்ளை, அந்த மாலைகளில் என்னைத் திருத்தித் திருத்திப் பேசினான். பதினோராம் நாள் பம்பரம் என் உள்ளங்கையில் வந்து நின்றது. கை கூசியது. "அசையாதீங்க, சேர்!" என்று அவன் போட்ட சத்தம் அதிபரின் அறை வரை கேட்டது.

வேகமாய்ச் சுற்றும் பொருள் தன் அச்சின் திசையை இலேசில் மாற்றாது. அதனால்தான் பம்பரம் காற்றில் புரளாமல், ஆணி கீழே இருக்கவே வந்து அமர்கிறது. வேகம் குறையக் குறையத் தலை வட்டமிட்டுத் தள்ளாடி விழுகிறது. இது சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். ஒரு புள்ளியில் நின்று சுழலும் பொருளின் கணக்கு, பெரிய கணித மேதைகளையே திணறடித்த ஒன்று. அதில் ஒரு புதிய வகையைத் தீர்த்து 1888 இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் பரிசைப் பெற்றவர் ஒரு பெண். ரஷ்யாவில் பிறந்த சோபியா கோவலெவ்ஸ்காயா. அவருடைய நாட்டில் பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்கு மூடியிருந்ததால் ஜெர்மனி போய்ப் படித்தவர். ஆய்வின் தரத்தைக் கண்டு 3000 பிராங்க் பரிசை 5000 ஆக உயர்த்திக் கொடுத்தார்கள். அப்போது அவர் பத்து வயது மகளுக்குத் தாய். அந்தக் கணக்கின் எளிய உருவந்தான் நீங்கள் அலுமாரிக்கு மேல் வைத்த பம்பரம்.

அந்த மாணவனுக்கு வாசிப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். ஆனால் வாசிக்கிறான், பாடசாலை விட்ட பின் பம்பரத்தோடு புத்தகத்தையும் கொண்டு வருகிறான். உம்மா தொலைபேசியில் அழைத்தால் "ம்" என்பதோடு நிறுத்துகிறவன், "சேருக்கு நான் படிப்பிச்சன் உம்மா" என்று அரை மணித்தியாலம் பேசினானாம். மூத்தம்மா வந்து சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

தாய்மார்களே! பம்பரம் விடும்போது சின்னப் பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். ஆணி கண்ணிலோ தலையிலோ பட்டால் ஆபத்து. அந்தக் கவனம் வேண்டியதுதான். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் பிள்ளைக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஒன்று கட்டாயம் இருக்கும். பட்டம் கட்டுவதோ, தூண்டில் போடுவதோ, கைபேசியில் ஏதோ ஒன்றோ. "எனக்குப் படிப்பித்துத் தா" என்று கேட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பழகுங்கள். சொல்லித் தரும்போது பிள்ளை பேசும். அந்த நேரத்தில் அடுப்பில் சோறு கொஞ்சம் குழைந்தால் குழையட்டும்.