செவ்வாய்க்கிழமை விருந்தாளிகள்

ஒரு பெண்ணுக்குச் சித்தசுவாதீனம் இருக்கிறதா, இல்லையா என்று தீர்மானிப்பது யார்? வைத்தியரா, நீதிபதியா, சொந்தக்காரர்களா? "இதென்ன விபரீதமான கேள்வி!" என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரி. அரபு மொழியின் சிறந்த எழுத்தாளர்களில் ஒருவரான மே ஸியாதா, மேடையேறி நின்று இதற்குப் பதில் சொல்ல நேர்ந்தது.

1886-ல் நாஸரேத் ஊரில் பிறந்தவர் அவர். தகப்பனார் லெபனான்காரர், பள்ளி ஆசிரியர். தாயார் பாலஸ்தீனப் பெண்மணி. பின்னர் குடும்பம் கெய்ரோவில் குடியேறியது. அங்கே தகப்பனார் 'அல் மஹ்ரூஸா' என்ற பத்திரிகையை நடத்தினார். மகள் அதில் எழுதினார். 1911-ல் வந்த முதல் புத்தகம் பிரெஞ்சுக் கவிதைகள், அதுவும் புனைபெயரில். நம் ரிக் வேதத்தைப் பதிப்பித்தாரே மாக்ஸ் முல்லர், அவர் எழுதிய ஒரு ஜெர்மன் காதல் கதையை அரபியில் மொழிபெயர்த்தவரும் இவர்தான்!

1913-ல் அவர் தம் வீட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் இலக்கியக் கூட்டம் நடத்த ஆரம்பித்தார். தாஹா ஹுசேன், அக்காத் போன்ற பெரிய எழுத்தாளர்களெல்லாம் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். பெண்கள் வெளியே வருவதே அபூர்வமாயிருந்த காலத்தில், ஆண்கள் நிறைந்த அந்தச் சபையை நடத்தியவர் ஒரு பெண்! தமக்கு முன்னே எழுதிய மூன்று அரபுப் பெண்களின் சரித்திரத்தையும் அவர் புத்தகங்களாக எழுதி வைத்தார். ஆண்கள் மறந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலும்!

நியூயார்க்கிலிருந்த கவிஞர் கலீல் ஜிப்ரானோடு அவருக்குக் கடிதப் போக்குவரத்து உண்டு. ஏறக்குறைய இருபது வருஷம் எழுதிக்கொண்டார்கள். ஒரு தடவைகூட நேரில் சந்திக்கவில்லை.

1929-ல் தகப்பனார் காலமானார். 1931-ல் ஜிப்ரான். 1932-ல் தாயார். கலியாணம் செய்துகொள்ளாத மே தனிமரமானார். துக்கம் அவரை வாட்டியது வாஸ்தவம். ஆனால் துக்கம் வேறு, பைத்தியம் வேறு அல்லவா? உறவினர் அவரை லெபனானுக்கு அழைத்துப் போனார்கள். 1936-ல் பெய்ரூட்டில் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சொத்தை நிர்வகிக்கும் உரிமையும் பறிபோயிற்று. அவர் சாப்பிட மறுத்தார். பலவந்தமாக உணவு புகட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை விருந்தாளிகள் எங்கே போனார்கள்? அதைக் கேட்டால் மனம் கசக்கிறது. கடைசியில் லெபனான் பத்திரிகைகளும் அமீன் ரிஹானி முதலிய சில நண்பர்களும்தான் அவருக்காக எழுதினார்கள், வாதாடினார்கள். விடுதலை கிடைத்தது.

1938-ல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மே பேசினார். எழுத்தாளனின் கடமை என்ன என்பதே விஷயம். தம் கஷ்டத்தைச் சொல்லி அழவில்லை, இலக்கியம் பேசினார். சபை நிரம்பி வழிந்தது. அந்த வருஷமே நீதிமன்றமும் அவருடைய உரிமைகளைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு கெய்ரோ திரும்பி, 1941-ல் அங்கேயே கண்மூடினார்.

"பாவம், அவளுக்கு ஏதோ பிரமை" என்று ஒரு பெண்ணைப் பற்றி யாராவது உங்களிடம் சொன்னால், உடனே உச்சுக்கொட்டிவிடாதீர்கள், சகோதரி. கொஞ்சம் நிதானித்து, அவளையே ஒரு தடவை பேசவிட்டுக் கேளுங்கள். அவள் பெயரில் வீடு வாசல் ஏதாவது இருக்கிறதா என்றும் கூடவே விசாரியுங்கள்.