ஐப்பசிக் காத்திருப்பு

1991 ஐப்பசி பிறந்ததிலிருந்து அண்ணனும் நானும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நவம்பர் 5, தீபாவளிக்குத் 'தளபதி', 'குணா' இரண்டும் வரவிருந்தன. ஒரு படத்துக்குத்தான் காசு என்றுவிட்டார் அப்பா. எனக்கு ரஜினி, அவனுக்குக் கமல். தென்காசிக்காரர்களுக்கு ஐப்பசியில் வேறென்ன உண்டு? பேரருவி ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டினால் குற்றாலத்தில் குளிக்கவும் விடமாட்டார்கள்.

முந்தைய இரவு, "உன் படத்துக்கே போவோம்லே" என்றான் அண்ணன். திரையில் கர்ணன் கதைக்குக் கண்கலங்கிய எனக்குப் பக்கத்து இருக்கைக்காரன் நினைவில் இல்லை. வகுப்பில் வில்லிபாரதம் நடத்தும்போதுதான் வருவான்.

இப்போது என் மகன், அடுத்த மாதம் வரும் வீடியோ கேமுக்கும் படத்துக்கும் நாள் எண்ணுகிறான். "ஏதேனும் ஒன்றுதான்" என்றேன், அப்பாவின் குரல்.

ஐப்பசியில் அண்ணன் ஊருக்கு வருகிறான். 'குணா'வை இன்னும் பார்க்கவில்லையாம். சேர்ந்து பார்க்கலாமென்றிருக்கிறேன்.