புறப்பட மறுத்த ஊர்தி

மாந்தர் ஏறிச் செல்லும் ஊர்திகள் பலவற்றுள்ளும், புறப்பட மறுக்குங்கால் ஏறினாரை முற்றுங் கைவிடுவது மோட்டார் சைக்கிளைப் போற் பிறிதொன்றில்லை. வண்டிமாடு படுத்துக்கொண்டால் அதட்டலாம், தட்டிக்கொடுக்கலாம், வைக்கோல் காட்டி எழுப்பலாம். மிதிவண்டி பழுதுற்றால் தோளிற் சுமந்தேனும் ஊர் சேரலாம். இருநூறு கிலோகிராம் எடையுள்ள மோட்டார் சைக்கிளோ அதட்டலுக்கு அஞ்சாது; வைக்கோலுக்கு இசையாது; தோளுக்கும் அடங்காது. முறையாகக் கேட்கப்பெறும் வினா ஒன்றற்கே அது விடை பகரும். இவ்வுண்மையை அநுபவத்தால் அறிந்த யாம், அதனை நம் கல்லூரி மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நெடுவழிச் சாகஸப் பிரயாணத்திற்கென்றே அமைந்த மோட்டார் சைக்கிள் அண்மைக் காலத்துப் பொருளேயாம். 1885ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டிலே காட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்னும் இருவர் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிக்காட்டிய வண்டியே இவ்வினத்தின் மூதாதையென்பர். 1978ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், பாரிஸ் நகரினின்று புறப்பட்டுச் சஹாராப் பாலையைக் கடந்து டக்கார் நகரை அடையும் பந்தயம் முதன்முதல் தொடங்கிற்று. 1980ஆம் ஆண்டிலே பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் ஆர் 80 ஜி/எஸ் என்னும் வண்டியை வெளியிட்டனர். நெடுஞ்சாலையிலும் கல்லும் மணலும் நிறைந்த வழியிலும் ஒருங்கே செல்லத்தக்க பெரிய வண்டி என்னும் எண்ணம் அதன்பின் உலகெங்கும் வேரூன்றிற்று. தரைக்கும் எஞ்சினுக்கும் இடையே மிகுந்த இடைவெளி, நீண்டு அமுங்கும் ஸ்பிரிங்குகள், பெரிய முன்சக்கரம், பெட்டிகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியன இவ்வகை வண்டியின் இலக்கணங்களாம். முற்காலத்து வண்டிகளில் இருந்த உதைமிதி இக்காலத்துச் சாகஸ வண்டிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. பொத்தானை அழுத்தினால் எழுதல் வேண்டும். எழாவிடின் உதைத்தெழுப்ப வழியில்லை.

இனி, எஞ்சின் உயிர்பெறுதற்கு வேண்டுவன யாவை எனின், பெட்ரோல், காற்று, அவ்விரண்டும் கலந்ததை இறுக்கும் அழுத்தம், தக்க நொடியில் எழும் தீப்பொறி என நான்காம். இந்நான்கும் கூடுதற்கு முன்னரே எஞ்சினைச் சுழற்றிவிடுதற்கு ஒரு வலிமை வேண்டும். அவ்வலிமையைத் தருவது ஸ்டார்ட்டர் மோட்டார். அதற்கு உணவளிப்பது பாட்டரி. முகப்பு விளக்கிற்குச் சில ஆம்பியர் மின்னோட்டம் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ பெரிய எஞ்சினைச் சுழற்றும் அந்நொடியில் நூறு ஆம்பியரை வேண்டுதலும் உண்டு. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவிற் கொள்வாராக.

நோயாளியின் குறிகளை வைத்து வைத்தியர் நோயை வகுப்பது போல, எழாத வண்டியையும் நால்வகையாக வகுக்கலாம். பொத்தானை அழுத்தியபோது யாதோர் ஒலியும் எழாதிருப்பின், எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுவிட்சு, பியூஸ், கிளட்ச் சுவிட்சு, சைட் ஸ்டாண்டின் சுவிட்சு, கியர் நடுநிலையில் உள்ளமையைக் காட்டும் சுவிட்சு ஆகியவற்றை முதலில் நோக்குதல் வேண்டும். இவற்றுள் ஒன்று சேறுபட்டு அடைபடினும் வண்டி ஊமையாகும். 'டக்' என்னும் ஒலி மட்டும் எழுந்து எஞ்சின் சுழலாதிருப்பின், பாட்டரியின் தளர்ச்சியோ, இணைப்புகளின் தளர்ச்சியோ, ரிலே அல்லது ஸ்டார்ட்டர் மோட்டாரின் பழுதோ காரணமாகலாம். எஞ்சின் நன்கு சுழன்றும் பற்றாதிருப்பின், பெட்ரோல் பம்பு இயங்குகின்றதா, ஸ்பார்க் பிளக்கு நனைந்துள்ளதா, காற்று வடிகட்டியில் நீர் புகுந்ததா என ஆராய்க. சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் பம்பு இரண்டு மூன்று நொடிகள் மெல்ல முரலும். அவ்வொலி கேளாதாயின் அங்கேயே ஐயம் கொள்க. வண்டி சாய்ந்து வீழ்ந்திருப்பின், சாய்வறியும் கருவி எஞ்சினைத் தடுத்திருத்தலுங் கூடும். நிமிர்த்திச் சாவியை மூடித் திறந்தால் பல வண்டிகளில் அத்தடை நீங்கும். பற்றி உடனே அணைவது நான்காம் வகை. அது பெரும்பாலும் எரிபொருள் அல்லது காற்றின் குறைபாடாம்.

நிற்க. இவ்விலக்கணம் எமக்கு உதவிய ஒருநாள் நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுதும். 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யாமும் எம் நண்பரொருவரும் ஒரே வண்டியில் மணாலியினின்று லே நகர் நோக்கிச் சென்றோம். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பெற்ற, ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அடல் சுரங்கத்தினூடே லாஹௌல் பள்ளத்தாக்கை அடைந்து, உயரத்திற்கு உடல் பழகுமாறு கீலாங்கில் இரண்டிரவு தங்கி, பாராலாச்சா லா கணவாயைக் கடந்து, மாலையிற் சர்ச்சு என்னும் இடத்திற் கூடாரமொன்றில் இறங்கினோம். சர்ச்சு ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரத்தது. அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே.

அவ்விரவு முழுதும் எம் நண்பர் தலைவலியால் துயில் கொண்டிலர். விடியற்காலையில் இருமுறை வாந்தியும் எடுத்தார். மலைநோய்க்குச் சிறந்த மருந்து கீழே இறங்குதலே என்பதை யாவரும் அறிவர். ஆயின் சர்ச்சுவின் கொடுமை யாதெனின், அவ்விடத்தினின்று எத்திசையிற் சென்றாலும் இறங்குதற்கு முன் ஏறியே ஆகவேண்டும். வடக்கே சென்றால் காட்டா வளைவுகளும் அவற்றின்மேல் நாக்கீ லா கணவாயும் உள. தெற்கே மீண்டால் 4,800 மீட்டருக்கு மேற்பட்ட பாராலாச்சா லாவைக் கடந்து, எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்சென்று ஜிஸ்பாவை அடையவேண்டும். நண்பகலுக்குப் பின் பனியுருகிச் சாலையின் குறுக்கே ஓடும் நீரோடைகள் பெருகும். ஆதலின் காலையிலேயே புறப்பட்டு, ஏற்றத்தை விரைவிற் கடந்து, தாழ்விடம் சேர்தலே தக்கதெனத் துணிந்து, பெட்டிகளைக் கட்டிச் சாவியைத் திருப்பினோம். பொத்தானை அழுத்தினோம். 'டக்' என்றது, பின் வாளாவிருந்தது.

கூடாரத்துக்கு உரியவர் சாலையிற் செல்லும் முதல் வண்டியை நிறுத்தி நண்பரை ஏற்றிவிடுவதாக உறுதி கூறிச் சாலையோரம் சென்று நின்றார். அந்நேரத்திற் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. தொலைபேசித் தொடர்பும் அங்கு எமக்குக் கிட்டவில்லை. நண்பர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வாயிலில் அமர்ந்து, "என் பொருட்டுப் பதறவேண்டா, நீர் நிதானமாகப் பாரும்" என்றார். அவ்வாறு கூறிய குரலில் நிதானம் இல்லாமையை யாம் உணர்ந்தோம்.

அதற்குள் அங்கே இரவு தங்கியிருந்தார் சிலர் கூடினர். ஒருவர், குளிரிற் பெட்ரோல் உறைந்ததென்றார். பெட்ரோல் அத்துணைக் குளிரில் உறையாது. அன்றியும் எஞ்சின் சுழலவேயில்லையாதலின் அவ்வினா இன்னும் எழவில்லை. மற்றொருவர் லாரி ஓட்டுநர். குளிரிற் பாட்டரி செத்துவிட்டது, எம் லாரியின் பாட்டரியினின்று கம்பி இழுத்துத் தருகிறேன் என அன்புடன் முன்வந்தார். குளிரிற் பாட்டரி வலிமை குன்றுவதும், எண்ணெய் தடிப்பதும் மெய்யே. ஆயினும் பெரிய லாரிகளின் மின்னமைப்புப் பெரும்பாலும் 24 வோல்ட்டு; எம் வண்டியினது 12 வோல்ட்டு. அவ்விரண்டையும் நேரே இணைப்பின், வண்டியின் மின்னணுப் பகுதிகள் கருகும். மூன்றாமவர், நால்வர் சேர்ந்து தள்ளிக் கியரில் விட்டால் எழும் என்றார். அஃது எழவுங் கூடும். ஆனால் காரணம் அறியாது எழுந்த வண்டி, கணவாயின் நீரோடை நடுவே மீண்டும் நின்றால், நோயாளியை வைத்துக்கொண்டு அங்கே யாரைத் தள்ளச் சொல்வது? வண்டியை ஓடச் செய்வது ஒன்று. பழுதை நீக்குவது மற்றொன்று.

மூவர் கூற்றையும் நன்றியுடன் கேட்டு, யாம் மீண்டும் ஒருமுறை பொத்தானை அழுத்தி, இம்முறை எஞ்சினை நோக்காது விளக்கை நோக்கினோம். 'டக்' என்னும் ஒலி எழுந்தபோதும் முகப்பு விளக்கு மங்கவில்லை. இதுவே முதற் சான்று. பாட்டரி தளர்ந்திருப்பின், ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரும்பசிக்கு ஈடுகொடுக்க மாட்டாது விளக்கு மங்கியிருத்தல் வேண்டும். மங்காமையின், அப்பெரும் மின்னோட்டம் பாட்டரியை விட்டுப் புறப்படவே இல்லை என்பது பெறப்படும்.

பின்னர் மல்டிமீட்டர் என்னும் அளவுகருவியை எடுத்தோம். உள்ளங்கையில் அடங்கும் அக்கருவி, எம் பெட்டியிலுள்ள ஆயுதங்கள் அனைத்திலும் மேலானது. பாட்டரியின் இரு முனைகளில் வைத்தபோது 12.5 வோல்ட்டு காட்டிற்று; நிறைவுற்ற பாட்டரிக்கு ஏறத்தாழ அதுவே அளவு. பொத்தானை அழுத்தியபோதும் 12.3க்குக் கீழ் இறங்கவில்லை. பாட்டரி குற்றமற்றதென்பது உறுதியாயிற்று. எஞ்சியன ரிலே, செல்லும் கம்பி, மோட்டார், மீளும் வழி என்னும் நான்கே.

மின்சாரம் பாட்டரியினின்று சென்றால் மட்டும் போதாது. எஞ்சினின் உடல் வழியாகவும், எர்த் கம்பி என வழங்கும் தடித்த கம்பி வழியாகவும் மீண்டு வருதலும் வேண்டும். வாய்க்காலின் தலைமடையைத் திறந்தவன் கடைமடையின் அடைப்பையும் நோக்கவேண்டுமன்றோ? ஆதலின் கருவியின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் துலங்கும் உலோகத்திலும் வைத்து, அருகில் நின்ற இளைஞரைப் பொத்தானை அழுத்துமாறு வேண்டினோம். வழி செவ்வையாக இருப்பின் அங்கு அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டும். அன்று பத்து வோல்ட்டுக்கு மேற் காட்டிற்று. மோட்டாருக்குச் சேரவேண்டிய வலிமை முழுதும் அவ்வொரு மூட்டில் தடைபட்டு நின்றது. ரிலேயும் விளக்கும் வேறொரு மெல்லிய கம்பியால் மீண்டமையின், அவை மட்டும் ஒலித்தும் ஒளிர்ந்தும் எம்மை மயக்கின.

எஞ்சினின் அடியில், எர்த் கம்பியைப் பிணைக்கும் போல்ட்டு நாட்பட்ட அதிர்ச்சியால் தளர்ந்திருந்தது. முந்தைநாள் கடந்த ஓடையின் சேற்றுநீர் அவ்விடுக்கிற் புகுந்து, வளையத்துக்கும் உலோகத்துக்கும் இடையே களிம்பும் மண்ணுமாகப் படிந்திருந்தது. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றி, அம்மூட்டை விடுத்து, உப்புத்தாளால் இருபுறமும் வெளிரும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, மீண்டும் இணைத்தோம். மறுபடி அளந்தபோது பொத்தானை அழுத்திய அளவில் எஞ்சின் சுழன்று பற்றிக்கொண்டது. பேரளவு பழுதெனத் தோன்றியதற்கு மருந்து, விரலகல உப்புத்தாளும் ஒரு ஸ்பானருமே. அதுவரை சாலையில் ஒரு வண்டியும் வந்திலது. பத்து மணிக்கு முன்னர்க் கணவாயைக் கடந்தோம். நண்பகலில் ஜிஸ்பா சேர்ந்தோம். மாலையில் நண்பர் கஞ்சி கேட்டு உண்டார்.

இதனின்று யாம் தெளிந்தன இரண்டு. ஒன்று, கூடியிருந்த மூவர் கூற்றும் பொய்யன்று, குளிர் கெடுதல் செய்யும், பாட்டரி தளரும், தள்ளினால் வண்டி எழும். ஆயின் உலகத்தில் நிகழக்கூடியது ஒன்று, இவ்வண்டியில் இன்று நிகழ்ந்தது மற்றொன்று. முன்னதை ஊகமே தரும். பின்னதை அளவையே தரும். ஒருங்கே இரண்டு மாற்றங்களைச் செய்பவன், வண்டி எழுந்தாலும் எதனால் எழுந்ததென அறியான். மற்றொன்று, அவசரம் மிகுந்த வேளையே ஒழுங்கை மிக வேண்டும் வேளையாம். நிதானம் காலத்தை உண்பதாகத் தோன்றினும், உண்மையிற் காலத்தை ஈட்டித் தருவது அதுவே.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் பலர் ஆசிரியராவீர், சிலர் வைத்தியராவீர், அனைவீரும் ஒரு குடும்பத்துக்குப் பொறுப்புடையீராவீர். உங்கள்முன் ஒரு சிறுவன் நிறுத்தப்படுவான்; எத்துணை வினவினும் விடை கூறாது நிற்பான். 'மந்தன், உள்ளே ஒன்றுமில்லை' என்று நால்வர் உரைப்பர். அதனை ஏற்றுக்கொள்ளுதற்கு முன், அவன் கண்ணிலுள்ள விளக்கு மங்கியதா என ஒருமுறை நோக்குங்கள். உள்ளே நிறைந்த வலிமை இருந்தும், வீட்டின் வறுமையோ, செவியின் குறையோ, என்றோ பட்ட அவமானமோ ஒரு மூட்டிற் களிம்பாகப் படிந்து அதனைத் தடுத்து நிற்கலாம். தள்ளுதலும் வேண்டா, அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் பாய்ச்சுதலும் வேண்டா. பொறுமையுடன் அம்மூட்டைத் தேடுமின்.